சிவப்பைத் திருப்பும், பச்சையை விடும்: லேசர் கண்ணாடியின் கதை

உதகையில் கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் கேட்கிறார்: “பழுதான ஹீலியம்-நியான் லேசரிலிருந்து கழற்றிய கண்ணாடி சிவப்பு லேசரைத் திருப்பி அனுப்புகிறது, பச்சை லேசர் ஊடுருவிப் போகிறது. பூச்சு தேய்ந்துவிட்டதா? இதற்குள் ஒளித்துடிப்பு (கண நேரமே நீடிக்கும் ஒளி) எப்படிப் போகும் என்று மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?”

தேயவில்லை சார், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உலோகப் பூச்சே கிடையாது. டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா போன்ற ஒளிபுகும் பொருள்கள் இரண்டை மாற்றி மாற்றிப் படிய வைத்திருப்பார்கள். 633 நானோமீட்டர் சிவப்புக்கு முதலாவது சுமார் 66, அடுத்தது 108 நானோமீட்டர் தடிமன். அந்தந்தப் பொருளுக்குள் அலைநீளத்தில் கால்வாசி. இரண்டு அடுக்குகள் சந்திக்கும் ஓர் எல்லையில் 6 சதவீதம்தான் திரும்பும். ஆனால் எல்லா எல்லைகளிலிருந்தும் திரும்பும் சிவப்பு அலைகள் முகட்டோடு முகடு சேர்வதால், பத்து ஜோடியிலேயே 99.9 சதவீதத்தைத் தாண்டிவிடும். 532 நானோமீட்டர் பச்சைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேட்டுப்பாளையம் பக்கம் பிள்ளைகள் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் பச்சை மினுமினுப்பும் இதே மாதிரி அடுக்குகளின் வேலைதான்.

பச்சைப் புள்ளியைச் சுவரில் விழவிட்டு, கண்ணாடியை 45 பாகை வரை மெல்லச் சாய்த்து வாருங்கள். புள்ளி மங்கும், பச்சை திரும்பத் தொடங்கும். சாயச் சாய, தடுக்கப்படும் நிறங்களின் பட்டை நீலப் பக்கம் நகர்வதுதான் காரணம். திரும்பும் கதிர் எங்கே போகிறதென்று முதலில் பாருங்கள். யார் கண்ணிலும் படக் கூடாது.

துடிப்பு விஷயம் வேறு. லேசரை ஒரு மைக்ரோநொடிக்கு (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) எரியவிட்டு அணைத்தாலும் அந்தத் துடிப்பின் நீளம் 300 மீட்டர். உங்கள் அடுக்கோ மொத்தமே 2 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வித்தியாசம் எதுவும் தெரியாது. 10 ஃபெம்டோநொடித் துடிப்பு என்றால் (ஒரு ஃபெம்டோநொடி என்பது மைக்ரோநொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) நீளம் 3 மைக்ரான்தான். அவ்வளவு குறுகிய துடிப்பு ஒரே நிறமாக இருக்க முடியாது. 800 நானோமீட்டரை ஒட்டி ஏறக்குறைய 90 நானோமீட்டர் அகலத்துக்கு நிறங்கள் இருக்கும். தடுக்கப்படும் பட்டையின் விளிம்பை ஒட்டிய நிறம் அடுக்குகளுக்குள் முன்னும் பின்னும் மோதி, தாமதமாக வெளியே வரும். தள்ளியிருக்கும் நிறம் முந்திவிடும். துடிப்பு இப்படித்தான் அகன்றுபோகிறது. இதைச் சரிக்கட்ட அடுக்குகளின் தடிமனைப் படிப்படியாக மாற்றிய கண்ணாடிகள் 1994இல் வந்தன. அவற்றை உருவாக்கிய குழுவில் இருந்த பெரென்ஸ் கிரவுஸ் 2023இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதும்.

அப்புறம் ஒன்று: உதகை ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். வேட்டித் துணியால் துடைக்காதீர்கள்.