எண்ணெய் அப்பிய பென்குயினை உடனே கழுவலாமா?

கூடாது. முதலில் அதைச் சூடாக வைத்து, குழாய்வழி நீராகாரம் கொடுத்து, ஒன்றிரண்டு நாள் தேற்ற வேண்டும். சோர்ந்த பறவையைக் கழுவினால் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும்.

இறகின் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால்தான் உள்ளே நீர் புகுவதில்லை. கப்பல் எரிஎண்ணெய் பட்டதும் அவை கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். குளிர்நீர் தோலைத் தொடும், உடல் விறைக்கும். பாவம், பறவை அலகால் இறகைக் கோத, அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போய்க் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தேறியபின் சுமார் 40 டிகிரி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தொட்டி மாற்றி மாற்றி, நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கண்ணைச் சுற்றி மென்மையான பிரஷ் போதும். பலரும் கோட்டைவிடுவது அலசலில்தான்: சோப்பு மிஞ்சினாலும் இறகில் நீர் புகும். துளிகள் முத்துமுத்தாக உருண்டோடும்வரை பீய்ச்சி அலசுங்கள்.

2000 ஜூனில் கேப்டவுன் அருகே ‘ட்ரெஷர்’ கப்பல் மூழ்கியபோது சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன, அவற்றைப் பிடித்துக் கழுவியதில் பெரும்பாலானவை பிழைத்தன. அதைவிடப் புத்திசாலித்தனம், எண்ணெய் படாத ஏறத்தாழ 19,500 பறவைகளைத் தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் நகரக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. அவை நீந்தித் திரும்புவதற்குள் கரையைச் சுத்தம்செய்ய அவகாசம் கிடைத்தது.