“அம்மா எங்கே?” என்று கேட்கும் கணவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 66, கணவருக்கு 73. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். மூன்று வருடம் முன்பு அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, “ஷிஃப்டுக்கு நேரமாச்சு, டிபன் பாக்ஸ் எங்கே?” என்று நிற்கிறார். ரிட்டயர் ஆகிவிட்டது என்றால் சண்டை. 1988-ல் இறந்துபோன மாமியாரைத் தேடுகிறார். “அத்தைதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே” என்று சொன்னால், அப்போதுதான் சேதி வந்ததுபோல அழுகிறார். பென்ஷன் பணத்தை நான் எடுத்துவிட்டதாக மாடிவீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகனோ, “உண்மையைச் சொல்லிச் சொல்லி ஞாபகப்படுத்தும்மா, பொய் சொல்லிப் பழக்காதே” என்கிறான். முழங்கால் வலியோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வில்லிவாக்கம்

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற எல்லாச் சிக்கலும் அதற்குள்தான் இருக்கிறது.

புதிதாகக் கேட்பதையும் பார்ப்பதையும் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் பிடிக்கிறது. இருபத்தைந்து வயதில் ஷிஃப்டுக்கு ஓடியது உங்கள் கணவருக்கு இருக்கிறது, ரிட்டயர்மெண்ட் விழாவில் மாலை போட்டுக்கொண்டது இல்லை. அம்மா சமைத்துப் போட்டது இருக்கிறது, அவருக்குக் கொள்ளி வைத்தது இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை நீங்கள் சொல்லும்போதும் அவருக்கு அது புதுச் சாவுதான். சொன்ன சேதி கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். ஆனால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்ற கலக்கம் அதற்குப் பிறகும் வெகுநேரம் தங்கும். எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுதுகொண்டிருப்பார்.

அதனால் இனி திருத்தாதீர்கள். “அம்மா எங்கே?” என்று கேட்டால், “அத்தை ஞாபகமா இருக்கா? அவங்க வைக்கிற நெத்திலிக் குழம்பு எனக்கு இன்னும் கைவரலைங்க” என்று சொல்லிப் பாருங்கள். குழம்போ, ஊரோ, அவர் சின்ன வயதில் வாங்கிய அடியோ, எதையாவது பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். இதில் ஒரு பொய்யும் இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள். நாலு மணி டூட்டிக்கு, “இன்னைக்கு லீவுங்க, காபி குடிச்சுட்டுப் படுங்க” என்று சொன்னால் அது பொய்தான். சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு குற்றமும் இல்லை. பகலில் ஒரு டப்பா நிறைய நட்டும் போல்ட்டும் கொடுத்து, அளவு பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஃபிட்டர் கை சும்மா இருந்தால் கதவைத்தான் தேடும். (பொடி நட்டுகளை வாயில் போட்டுக்கொள்கிற கட்டம் வந்திருந்தால் இது வேண்டாம், துணி மடிக்கச் சொல்லலாம்.)

மகன் சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை. நோய் ஆரம்பமாக இருந்தபோது தேதி, கிழமை எழுதிய பலகையும் காலண்டரும் உதவியிருக்கும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மகன் ஃபோனில் “அப்பா, நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பவராக இருந்தால், அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் வருகிறவர் போகிறவரெல்லாம் நோயாளிக்கு இந்தப் பரீட்சையை வைக்கிறார்கள். தோற்றுப்போவோம் என்று தெரிந்தே ஒரு மனுஷர் எத்தனை முறை உட்கார்ந்து எழுதுவார்? “அப்பா, நான் உங்க பையன் பேசறேன், பெங்களூர்லேருந்து” என்று அவரே சொல்லிக்கொண்டு பேசட்டும்.

திருட்டுப் பழி உங்களைக் குத்தியிருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. நாற்பது வருடக் குடித்தனத்துக்குப் பிறகு இந்தப் பேச்சா என்று இருக்கும். இது அவர் மனதில் உள்ளது வெளியே வந்தது இல்லை. வைத்த இடம் மறந்துவிட்டது, மறந்தது என்பதும் தெரியவில்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். கூடவே இருப்பது நீங்கள் ஒருவர்தான். இந்த நோயில் இது மிகச் சாதாரணம். “நான் எடுக்கலை” என்று வாதாடாமல், “அட, வாங்க சேர்ந்து தேடலாம்” என்று கிளம்புங்கள். அவர் பர்ஸ் மாதிரியே இன்னொன்று வாங்கி, சில பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டு, தேடும்போது கிடைக்கிற இடத்தில் வைத்திருங்கள். மாடிவீட்டுக்காரரிடம் மட்டுமில்லை, வாட்ச்மேன், மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரிடமும் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஐ.சி.எஃப். கேட் நடக்கிற தூரம். கிளம்பிவிட்டால் திருப்பிக் கூட்டிவர அவர்கள்தான் வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் உங்கள் ஃபோன் நம்பர் இருக்கட்டும். ஆள் காணோம் என்றால் தெருத்தெருவாக நீங்களே தேடி நேரம் போக்காமல் உடனே 112-ஐக் கூப்பிடுங்கள். இரவில் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரையே மூடிவிட்டுப் படுங்கள்.

விடியற்காலை விழிப்பைப் பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கிற டோனெபசில் மாத்திரையை ராத்திரி போடுகிறவர்களில் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும். காலையில் போட்டால் சரியாவதுண்டு. அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது அதுதானா, நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம். இந்த மாத்திரைகள் நோயைக் குணமாக்குவதில்லை, சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. வல்லாரைத் துவையலைச் சொல்லாத உறவினர் சென்னையில் இல்லை. ருசிக்கு அரைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு வேண்டாம். இன்னொன்று, இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், மே மாதத்தில் தண்ணீர் குடிக்க மறந்ததாகக்கூட இருக்கலாம். சரிசெய்யக்கூடியவை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அது செல்லாமல் போகும் என்பதுதான் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். பென்ஷன் கணக்கு உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறதா, நாமினி யார் என்பதை இந்த மாதமே பாருங்கள். மகன் அடுத்த முறை வரும்போது ஒரு வக்கீலையும் பார்த்துவிடட்டும். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்காக அவரை வங்கி வரிசையில் நிறுத்தவேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்.

கத்தியது பற்றி: கத்தாத ஒருத்தரும் இந்த வேலையைச் செய்வதில்லை. சாமியாக இருக்க முயற்சி செய்யாதீர்கள், வாரத்தில் இரண்டு மதியமாவது வேறொருவர் கையில் அவரை விட்டுவிட்டு வெளியே போங்கள். பெங்களூரிலிருந்து அறிவுரை அனுப்புகிற மகன் அதற்கு ஒரு அட்டெண்டர் சம்பளத்தையும் அனுப்பட்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே அண்ணாநகரில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. மறதி நோய்க்காரர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தனிச் சேவை வைத்திருக்கிறார்கள். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 2024-ல் திறந்த அரசு மருத்துவமனையும் உண்டு. எங்கே போவது என்று குழம்பினால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ல் தமிழிலேயே கேட்கலாம்.

முழங்கால் வலியை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அவரைக் குளியலறையில் தாங்கிப் பிடிப்பது அந்தக் கால்தான். முதல் மதியம் ஆள் கிடைத்ததும் கோயிலுக்குப் போகாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ரயில்வே மருத்துவ அட்டையில் உங்கள் பெயரும் இருக்கும், கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.