சம்பளப் பட்டியலைக் கணினி நிரல் தயாரித்தால் கணக்கெழுதுபவருக்கு என்ன வேலை?

கொழும்புப் புறக்கோட்டை மொத்த விற்பனை நிலையமொன்றில் கணக்கெழுதும் நீங்கள், சம்பளப் பட்டியலை நிரல் தயாரித்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்கள். பெருக்கலும் கூட்டலும் போய்விடும்; போகட்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று மாதாமாதம் கையால் கணக்கிடுவது வீண் உழைப்பு.

ஆனால் எந்தத் தொகையில் 8 சதவீதம்? வாழ்க்கைச் செலவுப் படி சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இதை நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பவர் மனிதர். அவர் தவறாகச் சொன்னால், அதே தவறை அது எல்லோருக்கும், ஒவ்வொரு மாதமும், சலிக்காமல் செய்யும். லொறியில் மூடை ஏற்றுபவரின் ஓய்வுகாலப் பணம் அல்லவா குறைகிறது! எனக்கு இது மிகப் பெரிய விடயம்.

அடையாள அட்டையும் அப்படித்தான். பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். அட்டையை மாற்றிய ஒருவரை நிரல் இரண்டு பேராக எண்ணக்கூடும்.

நிரல் எழுத வருபவருக்கு உங்கள் கடையின் இந்த நுணுக்கங்கள் தெரியாது. அவரருகே உட்கார்ந்து விதிவிலக்குகளை எழுதிக்கொடுங்கள். முதல் சில மாதங்கள் பழைய பேரேட்டையும் தொடர்ந்து எழுதி, இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள்.