தாத்தாவின் பட்டறைச் சாமான்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: தாத்தா கொல்லர். அவருடைய பட்டடை (இரும்பை மேலே வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டை), கால் வைஸ் (தரைவரை நீளும் காலோடு, பொருளைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி), சம்மட்டிகள், ஒரு சுவர் நிறையக் குறடுகள், உளிகள் எல்லாம் என் பங்குக்கு வந்திருக்கின்றன. எனக்கு அந்த வேலை தெரியாது. அடுத்த மாதம் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மொத்தமாக எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதம் இருக்கிறதே, அதுவே போதும்.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லர் கருவிகளில் பல, ஜோடியாக வேலை செய்பவை. பட்டடையின் சதுரத் துளையில் செருகும் அச்சு கீழே இருக்கும். அதன் மேல்பாதி கைப்பிடியோடு சுவரில் தொங்கும். பாதியைத் தொலைத்துவிட்டால் மற்ற பாதியைக் கேட்க ஆள் இருக்காது.

பணம் அதிகம் உள்ள பொருள் பட்டடைதான். பக்கவாட்டில் முத்திரையோ எண்ணோ இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் செய்த பழைய பட்டடைகளில் மூன்று எண்கள் தனித்தனியாக வெட்டியிருக்கும். முதல் எண்ணை 112-ஆலும் இரண்டாவதை 28-ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் எடை பவுண்டில் கிடைக்கும். 1, 2, 10 என்று இருந்தால் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. அதை 1210 பவுண்டு என்று விளம்பரம் செய்கிற ஆட்களும் உண்டு.

அடுத்து, மேல்முகத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் விரிசலாக இருக்கலாம், மேலே ஒட்டிய எஃகுத் தகடு விட்டிருக்கலாம். ஆனால் கழுகு முத்திரை போட்ட ஃபிஷர் பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலும் எஃகு முகமுமாகச் செய்தவை. அவை இயல்பிலேயே சத்தம் போடாது. அதனால் சத்தத்தை மட்டும் நம்பாமல், ஒரு பேரிங் குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தில் விழவிடுங்கள். 18 செ.மீ.க்கு மேல் துள்ளினால் முகத்தில் பதம், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்து ஏற்றிய கடினம், இருக்கிறது. பாதி உயரம்கூட எழவில்லையென்றால் வெறும் வார்ப்பிரும்பு, அல்லது எப்போதோ தீயில் சிக்கிப் பதம் போனது. ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தால் கவலை வேண்டாம், உழைத்த பட்டடை அப்படித்தான் இருக்கும்.

கால் வைஸில் திருகைத் தளர்த்தினால் தாடை தானாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங் காணாமல் போயிருக்கும். அது சின்னக் குறை, வேறு செய்து போடலாம். திருகின் மரை தேய்ந்திருந்தால்தான் பெரிய குறை. நான் பளபளவென்று பச்சை பெயின்ட் அடித்த ஒன்றை மயங்கி வாங்கியிருக்கிறேன். இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எதையும் பிடிக்கவில்லை.

குறடுகளில் பாதி தாத்தாவே அடித்தவையாக இருக்கும். சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. நல்லதாக இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தொழில் செய்கிறவருக்கோ புதிதாகக் கற்கிறவருக்கோ கொடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பட்டடை துருவேறி, மேடு பள்ளமாக இருக்கிறது. விற்பதற்கு முன் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக இழைத்து, கறுப்பு பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

பதில்: குறையும். இதைப் பற்றி எனக்குள்ள கோபத்தை இன்று கொட்டிவிடுகிறேன்.

பல பழைய பட்டடைகளில் உடல் முழுக்கத் தேனிரும்பு, அதாவது அடித்தால் வளைந்துகொடுக்கும் மென்மையான இரும்பு. மேலே மட்டும் ஒரு எஃகுத் தகட்டைக் காய்ச்சி இணைத்திருப்பார்கள். அந்தத் தகடு ஒன்றரை செ.மீ. கூட இருக்காது. பதம் ஏற்றியது அதில்தான், சுத்தியலைத் திருப்பி எறிவதும் அதுதான். மெஷினில் ஏற்றி மூன்று மி.மீ. இழைத்தீர்களென்றால், ஒரு தலைமுறை அடித்தும் தேயாததை அரை மணி நேரத்தில் தூளாக்கிப் பெருக்கிக் கொட்டிவிட்டீர்கள். அப்புறம் ஓரங்களை நிரப்புகிறேன் என்று முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைப்பார்கள். அந்த இடம் சில்லுச் சில்லாகப் பெயரும், சுற்றியுள்ள இடத்தில் பதம் இறங்கும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் பெயின்ட். விவரம் தெரிந்தவர் பழைய பட்டடைமேல் புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும், அடியில் எந்த விரிசலைப் பூசி மறைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவார். நீங்கள் ஒன்றையும் மறைக்காவிட்டாலும் அந்தச் சந்தேகத்துக்கான தள்ளுபடி உங்கள் தலையில்தான் விழும். நடுவில் லேசான பள்ளம் இருந்தால் என்ன? வளைந்த கம்பியை நிமிர்த்த அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகிற கொல்லர்கள் உண்டு.

கம்பி பிரஷால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடையுங்கள். அதோடு நிறுத்துங்கள். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: கணவர் இறந்து சில வாரங்களில், அவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் வந்தார். “இதெல்லாம் இப்போது யாருக்கும் வேண்டாம், உங்களுக்காகத்தான் எடுத்துக்கொள்கிறேன்” என்று பட்டறை முழுவதையும் பழைய இரும்பு விலைக்கு ஏற்றிப் போனார். இப்போது பட்டடையை மட்டும் அதைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். நான் ஏமாந்த கதை இது.

பதில்: ஏமாந்தீர்கள் என்று உங்களைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. துக்க வீட்டுக்கு லாரியோடு வருகிறவருக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

நேர்மையாகச் சொன்னால், மனமொப்பிக் கைமாறிய பொருளை விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பப் பெறுவது கடினம். ஆனால் அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் விஷயம் வேறு. அவர் அனுப்பிய செய்திகள், பணம் வந்த விவரம், இப்போதைய விளம்பரம் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தை நாளைக்கே எடுத்துவிடுவார். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பாருங்கள், கோபமில்லாமல், பட்டடையை மட்டும். தெரிந்தவர்கள் வட்டத்தில் பெயர் கெடுமே என்று திருப்பித் தரவும் கூடும்.

கேள்வி: தாத்தாவின் பட்டடை, கருவிகளோடு சேர்க்க, ஆன்லைனில் புதுப் பட்டடை ஒன்று மலிவாக வாங்கினேன். “கனமானது, உறுதியானது” என்று போட்டிருந்தது. முதல் நாளே முகத்தில் சுத்தியல் தடம் விழுந்துவிட்டது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: எஃகு என்று எங்காவது போட்டிருந்ததா? இல்லை. கேட்டீர்களா? அதுவும் இல்லை. கனமாக இருக்கும் என்றார்கள், கனமாகத்தான் இருக்கிறது. வாங்கியது பட்டடை வடிவில் வார்த்த இரும்பு. தாத்தாவின் பட்டடை வீட்டிலேயே இருக்கும்போது இதை எதற்கு வாங்கினீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. விளம்பரத்தில் எஃகு என்ற சொல் தென்பட்டால் மறுபடி எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: தம்பிக்கும் எனக்கும் ஒரே சம்மட்டி மேல்தான் சண்டை. யாருக்குச் சேர வேண்டும்?

பதில்: அதை எடுத்து வேலை செய்யப் போகிறவருக்கு. இருவருமே செய்யப் போவதில்லையென்றால் சீட்டுக் குலுக்குங்கள்.

கேள்வி: உளிகளின் தலை காளான் மாதிரி விரிந்திருக்கிறது. பழமையின் அழகு என்று அப்படியே விடலாமா?

பதில்: அலமாரியில் வைத்தால் விடலாம். அடிக்கப் போகிறீர்களென்றால் விரிந்த ஓரத்தைச் சாணையில் எடுத்துவிடுங்கள். அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

கேள்வி: பெட்டியில் பழைய வெள்ளைத் தீக்கையுறைகள் இருக்கின்றன. சேர்த்தே விற்கலாமா?

பதில்: உதறாதீர்கள். அந்தக் காலத்துத் தீக்கையுறைகள் பல ஆஸ்பெஸ்டாஸில் நெய்தவை. லேசாக ஈரப்படுத்தி, இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: பட்டடையைப் பார்க்காமலேயே ஒருவர் வாங்கச் சம்மதித்தார். கேட்டதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, மிச்சத்தை வண்டிக்காரருக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. காசோலை பிறகு திரும்பி வரும், வண்டிக்காரருக்குக் கொடுத்த பணம் வராது. 80 கிலோ இரும்பை வாங்குகிறவர் நேரில் வந்து, தட்டிப் பார்த்து, பணம் கொடுத்து, தூக்குவதற்கு ஆளும் கூட்டி வருவார்.