ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் இலவச மின்னஞ்சல்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்தோத்திரம். பொறையாறு பக்கத்தில் ஒரு சிற்றூர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஐந்து வயது முதல் பதினான்கு வயதுவரை முப்பது பிள்ளைகள். துணைக்கு இரண்டு கல்லூரி மாணவிகள். பாடப்புத்தகம் வாங்கச் சபையில் வசதி இல்லை. பாடங்களை இலவசமாக மின்னஞ்சலில் அனுப்பும் ஊழியங்கள் உண்டென்று கேள்விப்பட்டு ஏழெட்டு இடங்களில் பதிவு செய்தேன். இப்போது தினமும் நான்கைந்து கடிதங்கள் வந்து குவிகின்றன. பாதி விளம்பரம், எல்லாம் ஆங்கிலம். இவை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுமா? எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உதவும். ஆனால் இரண்டு போதும். மற்றக் கடிதங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பை இன்றே அழுத்தி விலகிவிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். கடிதத்திலோ அது காட்டும் பக்கத்திலோ முழுப் பாடமும் இருக்க வேண்டும்: வேதபகுதி, கதையைச் சொல்லும் முறை, கேள்விகள், வண்ணம் தீட்டும் படம். ஒரு துண்டைக் காட்டிவிட்டு மீதிக்கு டாலர் கேட்பவை பல. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதுகிறவருக்கும் ஓவியருக்கும் யாராவது கூலி கொடுக்கத்தானே வேண்டும்? உங்கள் சபைக்கு அவற்றால் பயனில்லை, அவ்வளவுதான்.

'மினிஸ்ட்ரி-டு-சில்ட்ரன்' இலவசப் பாடங்களை முழுமையாகவே தருகிறது, மின்னஞ்சலிலும் அனுப்புகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு 'ட்ரூவே கிட்ஸ்' பாடங்கள் பொருத்தமானவை. படங்களுக்கு 'ஃப்ரீ பைபிள் இமேஜஸ்' தளம் ஒன்றே போதும். ஒரு கதைக்குரிய காட்சிகள் வரிசையாகக் கிடைக்கும், இறக்கி அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம். 'பைபிள் ஃபார் சில்ட்ரன்' என்ற தளத்தில் வேதக் கதைகள் தமிழிலேயே படங்களுடன் இருக்கின்றன. உங்கள் மாணவிகள் இருவரும் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். அதற்காகக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் போட்டு வருவதை அப்படியே வாசித்தும் காட்டாதீர்கள். தரங்கம்பாடி உங்களுக்கு எட்டும் தூரம்தான். 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றார். அதன் பிறகுதான் தமிழில் போதித்தார். பாடத்தை வியாழக்கிழமையே ஒருமுறை படித்துவிடுங்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, உங்கள் வாயிலிருந்து வரும் தமிழில் சொல்லிப் பாருங்கள். மனப்பாட வசனத்தை மட்டும் சபையில் வாசிக்கும் வேதாகமத்திலிருந்தே எடுக்க வேண்டும். பிள்ளை வகுப்பில் படித்த அதே சொற்களை ஆராதனையிலும் கேட்கும்போதுதான் அந்த வசனம் மனத்தில் தங்கும்.

அந்தக் கடிதங்கள் அமெரிக்க நாட்காட்டியைப் பின்பற்றுபவை. நவம்பரில் அங்கே நன்றி கூறும் நாள் பாடங்கள் வரும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் வந்தாலே பெரிது. அந்தப் பாடங்களை எடுத்து வைத்திருந்து, சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் நடத்துங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பொருட்கள் அவர்களுக்கு ஜூன், ஜூலை கணக்கில் வரும். நமக்கு மே மாதம் வேண்டும். ஆகவே இந்த ஆண்டு வருவதைச் சேமித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா இடங்களிலிருந்தும் வரும் பாடம் அது. காகிதக் குவளையில் மண்ணைப் போட்டு விதை ஊன்றச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு விதை முளைப்பது அதிசயமா என்ன? நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். வழியருகே விழுந்த விதை என்றால் வரப்பைக் காட்டினால் போதும். முள்ளுள்ள இடத்துக்குக் களை மண்டிய வயல் இருக்கிறது. சிக்கல் கற்பாறை இடத்தில்தான். பாலஸ்தீனத்தில் பல இடங்களில் மெல்லிய மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறை கிடக்கும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல் பிறந்த பிள்ளை வயலில் பாறையை எங்கே பார்த்திருக்கும்? சிமெண்டுக் களத்தையும் நெல் காயப்போடும் சாலையையும் நினைவுபடுத்துங்கள். மழைக்குப் பிறகு விரிசல்களில் சிந்திய நெல் பச்சையாக முளைத்து நிற்கும். இரண்டு நாள் வெயிலில் கருகிவிடும், வேர்விட இடம் இல்லை. பிள்ளைகளே அதைக் கண்டிருப்பார்கள். கேட்டால் அவர்களே சொல்வார்கள். மத்தேயு 13ஆம் அதிகாரம் சொல்வது அதைத்தான். எந்த மின்னஞ்சலும் இதை எழுதி அனுப்ப முடியாது. உங்களால் முடியும்.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நோவாவின் பேழை, கடலை அமர்த்திய இயேசு ஆகிய பாடங்கள் பெரும்பாலும் குதூகலமான கைவேலைகளோடு வரும்: காகிதக் கப்பல், நீலத் துணியை அலையாக ஆட்டும் விளையாட்டு. நம் கரையோரக் குடும்பங்களில் 2004 டிசம்பர் 26 சுனாமியின் காயம் இன்னும் ஆறவில்லை. இன்றைய பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள்தான், ஆனால் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படங்களைப் பார்த்தே வளர்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவே நினைவிருக்கலாம். அந்தப் பாடங்களைத் தவிர்க்க வேண்டாம். துணி விளையாட்டை விட்டுவிடுங்கள். படகிலிருந்த சீஷர்கள் பயந்தார்கள் என்ற இடத்தில் நின்று, பிள்ளைகள் தங்கள் பயத்தைச் சொல்ல நேரம் கொடுங்கள். யாராவது அழுதால் பாடத்தை முடிக்க அவசரப்பட வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள் சில. உங்கள் சொந்த முகவரியில் இவற்றைப் பெறாதீர்கள். ஓய்வுநாள் பள்ளியின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்குத் தொடங்குங்கள். 15 ஜிபி இடம் இலவசம், பல ஆண்டுப் பாடங்களுக்குத் தாராளமாகப் போதும். நம் சபைகளில் ஆசிரியைகள் திருமணமாகியோ வேலை கிடைத்தோ வேறு ஊர் போய்விடுகிறார்கள். அவர்கள் சேர்த்ததெல்லாம் அவர்களுடைய கைப்பேசியோடு போய்விடுகிறது, புதிதாக வருகிறவர் வெறுங்கையோடு தொடங்குகிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு. வாட்ஸ்அப் குழுவில் வருபவையும் இடம் நிறைந்ததும் அழிக்கப்படுகின்றன. மின்னஞ்சலில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, பண்டிகைகள் என்று லேபிள் போட்டு வைத்தால் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் தேடி எடுக்கலாம்.

பதிவு செய்யும்போது பிள்ளைகளின் பெயர், வயது, படம் எதையும் கொடுக்க வேண்டாம். இலவசப் பாடம் என்பதற்காக அதை நகலெடுத்து விற்கவும் கூடாது. தமிழாக்கிப் பக்கத்துச் சபைகளுக்குக் கொடுக்க விரும்பினால், அனுப்பியவருக்கு நான்கு வரி எழுதி அனுமதி கேளுங்கள். மாணவிகளில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தரலாம். அனுமதிக் கடிதத்தையும் அதே கணக்கில் வையுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி ஆயரிடமும் கொடுத்துவிடுங்கள்.