செம்மண் மேட்டுக் காட்டில் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது ஏன்?

புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேடுகளிலும் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியும் எஞ்சியிருப்பது உலர் பசுமைமாறாக் காடு. பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை நம்பி, ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்கும் குட்டையான, அடர்ந்த காடு அது. காயா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி எல்லாம் இவ்வகைக் காட்டின் மரங்கள். மிக மெதுவாக வளர்பவை. நாலு விரல் உயரக் கன்றுக்கே சில வயது ஆகியிருக்கலாம். சருகுக்குள் அது கண்ணில் படாது, காலில்தான் படும்.

இந்த மண்ணுக்குச் சருகு, மண்சுவரின் சாணப்பூச்சு மாதிரி. பூச்சு உதிர்ந்த இடத்தைத்தான் மழை முதலில் கரைக்கும். சரிவில் நாலு பேர் குறுக்கே நடந்த தடம் ஐப்பசி மழையில் ஓடையாக அறுத்துக்கொண்டு போகும்.

மழை ஓய்ந்த தை, மாசியில் காலையிலேயே போங்கள். கிளம்பும் முன் செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். அதில் ஒட்டிய மண்ணில் பார்த்தீனியக் களையின் விதை இருக்கலாம். பழம், விதை எதையும் எடுக்க வேண்டாம். பல இனங்களின் விதை காய்ந்தால் முளைக்கும் திறனைச் சீக்கிரமே இழந்துவிடும்.

விதைப்பந்து வீசினால் காட்டுக்கு உதவி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே தயவுசெய்து வீசாதீர்கள்: வெளியிலிருந்து வந்து வேகமாக வளரும் மரம், இந்தக் கன்றுகளுக்குரிய வெளிச்சத்தையும் நீரையும் பிடித்துக்கொள்ளும்.