நின்றுபோன பிரஷர் மாத்திரையும் அம்மாவின் மறதியும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 71, மன்னார்குடியில் இருக்கிறார். 14 வருடமாக பிரஷர், 8 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் பிரஷர் நார்மல் என்று சொன்னார்கள், அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது எதிலும் மந்தம், மறதி. நடையும் தளர்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் சிறு ரத்தக்குழாய்களில் பாதிப்பு என்று வந்திருக்கிறது. ஐந்து நாள் டிரிப்ஸ் போட்டால் அடைப்பு கரைந்து ஞாபகம் திரும்பும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போடலாமா? பிரஷருக்கும் மறதிக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா?

பதில்: சம்பந்தம் உண்டு. டிரிப்ஸ் வேண்டாம். நின்றுபோன மாத்திரையைப் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். உங்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோவது மிக மெல்லிய குழாய்கள். நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் எளிதாகப் புரியும்: அவை கடைமடை வாய்க்கால் மாதிரி. மேலே ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் முதலில் காய்வது கடைமடைதான். பிரஷர் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் இந்த மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து உள்வழி குறுகிவிடும். சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ரத்தம் சரியாகப் போகாத இடங்கள்தான் ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன.

கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இந்த வகைப் பாதிப்பில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது வேகமும் திட்டமிடுதலும்தான். பருப்பு வெந்துகொண்டிருக்கும், அடுத்து புளி கரைப்பதா, காய் நறுக்குவதா என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றுவிடுவார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் வராது. இட்லியா, உப்புமாவா என்று எடுத்துக்கொடுத்தால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அல்சைமர் நோயில் இப்படி எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. ஆனால் வயதானவர்களுக்கு இரண்டும் கலந்து இருப்பது ரொம்ப சகஜம். எந்த வகை என்று பெயர் வைப்பதற்காகவே ஊர் ஊராக அலையாதீர்கள்.

இப்போது அந்த 'நார்மல்' விஷயம். பிரஷர் நார்மலாக இருந்தது மாத்திரை போட்டதால்தான். மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ மறுபடி ஏறும், ஏறுவது உடம்புக்குத் தெரியாது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதற்குப் பயந்து நிறுத்துகிறார்கள். மாத்திரையால் கிட்னி கெடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நிறுத்துகிறார்கள். கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும். வீக்கம் தொந்தரவு தந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். இதை இரண்டு வரியில் சொல்ல நேரமில்லாமல் 'அதே மாத்திரை தொடரவும்' என்று எழுதி அனுப்புகிறோமே, அந்தக் குற்றம் எங்கள் துறையுடையது.

பிரஷரைக் குறைத்தால் மூளைக்கு என்ன லாபம்? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் அளவை 120க்குள் வைக்க முயன்ற குழுவில், 140க்குள் வைத்த குழுவை விட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. முழு டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையையே முடக்கும் மறதி நோய், குறைந்ததா என்பது அந்த ஆய்வில் உறுதிப்படவில்லை. சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவும் இல்லை. அதனால் உங்கள் அம்மாவுக்கு 120 என்று அடம்பிடிக்க மாட்டேன். தலைசுற்றல் இல்லாதவரை 130ஐ ஒட்டி இருந்தால் போதும்.

தலைசுற்றல் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். படுத்திருக்கும்போது 150 இருக்கும் பிரஷர், எழுந்து நின்றதும் 115க்கு இறங்கிவிடுகிற முதியவர்கள் இருக்கிறார்கள். நெடுநாள் சர்க்கரை நரம்பைக் கெடுத்திருந்தால் இது அதிகம். நீர் பிரியும் மாத்திரை, கோடை வெயில், வயிறு நிறையச் சாப்பிட்டது எல்லாம் சேர்ந்தால் இன்னும் மோசம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, நாலடி நடந்து, விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களில் பலருக்கு யாரும் நிற்கவைத்து பிரஷர் பார்த்ததே இல்லை. சில நிமிட வேலை இது. இருந்தும் எத்தனை இடத்தில் செய்கிறோம்? வரிசை நீளம், நாற்காலியில் உட்காரவைத்து ஒரு முறை பார்த்து அனுப்பிவிடுகிறோம். எனக்குத் தாங்காத கோபம் இதில்தான்.

அதனால் வீட்டிலேயே பாருங்கள். மேற்கையில் பட்டி கட்டும் மெஷின் போதும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு அளவு எடுங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அளவையோ, போடும் நேரத்தையோ, மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தக் கூடாது. 80 தாண்டியவர்களுக்கும், அடிக்கடி விழுகிறவர்களுக்கும் இந்த அளவைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டவே கூடாது என்பேன்.

சரி, டிரிப்ஸ். அந்த பாட்டிலில் என்ன இருக்கும்? சலைன், கொஞ்சம் வைட்டமின், சில இடங்களில் ஞாபகத்துக்கு என்று கொடுக்கும் சிட்டிகோலின் அல்லது பிராசிட்டம் மருந்து. எதுவும் பல வருடமாகத் தடித்துப்போன நுண்குழாயைத் திறக்காது. கரைப்பதற்கு அங்கே ஒரு கட்டி உட்கார்ந்திருக்கவும் இல்லை. நீர்ச்சத்து குறைந்தவருக்கு இரண்டு நாள் தெம்பாக இருக்கும், அதைத்தான் ஞாபகம் திரும்பியது என்கிறார்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அந்தத் தண்ணீரே மூச்சுத்திணறல் கொண்டுவரும். குளுக்கோஸ் பாட்டில் என்றால் சர்க்கரை எகிறும். உங்களிடம் சொன்ன 'தெரிந்தவருக்கு' இதில் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கென்றே சிலர் ஊருக்குள் சுற்றுகிறார்கள். மறதியைக் கண்டு பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் பணம் பறிப்பதைப் போல அநியாயம் வேறில்லை.

'மூளைப் பரிசோதனை பேக்கேஜ்' என்று விற்பதும் அப்படித்தான். பக்கவாத அறிகுறி எதுவும் வராதவருக்கு, மறதிக்காக மட்டும் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. எடுத்த எம்.ஆர்.ஐ.யையே இன்னும் யாரும் உட்கார்ந்து உங்களுக்கு விளக்கவில்லையே, அடுத்த ஸ்கேன் எதற்கு? ஞாபகத்துக்கு கிங்கோ என்ற மூலிகை மாத்திரையைக் கடையில் கொடுப்பார்கள். 3,069 முதியவர்களிடம் சோதித்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008லேயே சொல்லியாகிவிட்டது. ஆஸ்பிரினும் அப்படியே. ஆரோக்கியமான 19,114 முதியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. டிமென்ஷியா குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இதைப் படித்து நிறுத்திவிட வேண்டாம்.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியவை வேறு. பி12 வைட்டமின் அளவைப் பாருங்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு, அது தனியாகவே மறதியையும் நடைத் தள்ளாட்டத்தையும் தரும். தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. நாடி தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு இருந்தால் பக்கவாத ஆபத்து பல மடங்கு, அதற்கு மருந்தும் இருக்கிறது. சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடித்து, அடிக்கடி தாழ்சர்க்கரை வரவைப்பதும் மூளைக்குக் கெடுதல்.

அப்புறம், அம்மாவின் மாத்திரைப் பையை அப்படியே மேஜையில் கொட்டிப் பாருங்கள். என் முன்னால் ஓர் அம்மாவின் மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது மூன்று நிறத்தில் மூன்று அட்டைகள் விழுந்தன. ஒன்று அரசு மருத்துவமனையில் கொடுத்தது, ஒன்று தனியார் டாக்டர் எழுதியது, இன்னொன்று மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்தது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மூன்றிலும் ஒரே பிரஷர் மருந்து, டெல்மிசார்டன். மூன்றையும் போட்டுக்கொண்டிருந்தார். பையில் தூக்க மாத்திரையோ, சளிக்கு வாங்கித் தின்னும் மாத்திரையோ இருந்தால் அதையும் காட்டுங்கள், முதியவர்களுக்கு அவையே குழப்பம் தரும். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்குச் செலவு பிரச்சினை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பதிந்துகொள்ளுங்கள்.

ஞாபகம் திரும்புமா என்று கேட்க நினைத்திருப்பீர்கள். இறந்துபோன இடம் திரும்பாது. பி12 குறைவாலோ தப்பான மாத்திரையாலோ வந்த பங்கு ஓரளவு திரும்பும். மீதியை, இன்னும் இறங்காமல் பிடித்து வைக்கப் பார்க்கலாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஊறுகாய் அப்பளத்தின் உப்பு, தினமும் அரை மணி நடை, காது கேட்காவிட்டால் காது மெஷின், எல்லாமே அதற்குத்தான். திடீரென்று ஒரு பக்கம் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கடைசியாக உங்களைப் பற்றி. வயதை எழுதவில்லை, நாற்பதுகளில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூளையின் ரத்தக்குழாய்களுக்கு பிரஷர் அதிகக் கெடுதல் செய்யத் தொடங்குவது அந்த வயதில்தான். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் நடுவயது ரத்த அழுத்தமும் ஒன்று. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போகும் அன்றைக்கே உங்கள் கையையும் நீட்டுங்கள்.